டகோட்டாவுக்குள் தபால் மூட்டை

டகோட்டா விமானத்தில் போனவர்கள் யார் யார் என்று நங்கநல்லூரில் காலை நடைக்கு வருகிறவர்களிடம் கேட்டால், இன்றைக்கும் ஒன்றிரண்டு கைகள் உயரும். இன்னும் பத்து வருஷம் கழித்துக் கேட்டால் ஒரு கையும் உயராது. ஏழெட்டு மாதமாக என் சாப்பாட்டு மேசையில் பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கும் வேலைக்கு இதுதான் அவசரம்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். 1/72 அளவில் ஒரு டகோட்டா மாடல். நிஜத்தில் 72 அங்குலம் இருப்பது மாடலில் ஒரே அங்குலம். 95 அடி அகலத்துக்கு விரிந்திருந்த இறக்கை ஏறக்குறைய 40 சென்டிமீட்டரில் அடங்கிவிடும். வெளி உடம்பு பெட்டியில் வந்தது. உள்ளே இருக்கும் சீட்டு, திரைச்சீலை, மேசை, தபால் மூட்டை எதுவும் பெட்டியில் வரவில்லை, கடையிலும் கிடைக்காது. ஒவ்வொன்றையும் வெட்டி, வளைத்து, ஒட்டி நானேதான் செய்ய வேண்டும். மாடல் செய்கிறவர்களிலேயே பலர் இந்த வேலைக்கு வருவதில்லை. இரண்டு பாதி உடம்பையும் ஒட்டி மூடிவிட்டால் பத்தில் ஒரு பங்குகூட வெளியே தெரியாது என்பது அவர்கள் கட்சி. அதுவும் நியாயம்தான்.

பெட்டியில் வந்தது பயணிகள் விமானம் அல்ல என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நாம் டகோட்டா என்று சொல்வது, 1935 டிசம்பர் 17-இல் முதலில் பறந்த டக்ளஸ் டி.சி.-3 குடும்பத்தைச் சேர்ந்தது. உலகப் போர் வந்ததும் அதே விமானத்தின் தரையைப் பலப்படுத்தி, பின்பக்கம் இடது புறத்தில் சாமான் ஏற்ற இரட்டைக் கதவு வைத்து, சி-47 என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளினார்கள். மாடல் கம்பெனிகளுக்குப் போர்தான் விற்கிறது. என் பெட்டியின் மேல் 1944 நார்மண்டிப் படையெடுப்பின் கறுப்பு வெள்ளைப் பட்டைகளோடு ஒரு படம். உள்ளே சிப்பாய்கள் முதுகைச் சுவரில் சாய்த்து எதிரெதிரே உட்காரும் இரண்டு நீள பெஞ்சு. நம் ரயில்வே பிளாட்பாரத்து பெஞ்சுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்தியாவில் பயணிகள் ஏறிய டகோட்டாக்களில் மிகப் பெரும்பாலானவை இந்தப் போர் விமானங்களேதான். யுத்தம் முடிந்ததும் உபரியாக நின்றவற்றைப் புதிது புதிதாக முளைத்த விமானக் கம்பெனிகள் வாங்கின. பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலையில் அவற்றைப் பிரித்துச் சீர்செய்து, சிப்பாய் பெஞ்சைக் கழற்றிவிட்டுப் பயணிகள் சீட்டு போட்டுக் கொடுத்தார்கள். 1953 ஆகஸ்ட் 1-இல் உள்நாட்டுக் கம்பெனிகளை எல்லாம் சேர்த்து அரசு இந்தியன் ஏர்லைன்ஸை ஆரம்பித்தபோது, கைக்கு வந்த 99 விமானங்களில் 74 டகோட்டாக்கள். ஆகவே பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் பெஞ்சைக் கிள்ளி எறிந்துவிட்டு, அட்டையில் சீட்டு வெட்ட உட்காரும்போது, நான் செய்வது பெங்களூரில் 1946 வாக்கில் நடந்த அதே வேலை. அவர்கள் அளவு பெரிது, சம்பளம் உண்டு.

இத்தனை டகோட்டாக்களில் நான் எடுத்துக்கொண்டது இரவுத் தபால் விமானம். நான் தபால் பிரிப்பகத்தில் குப்பை கொட்டியவன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது டகோட்டாக்களின் காலம் முடிந்துவிட்டது. ஆனால் மூத்தவர்கள் வாயில் நாக்பூர், நாக்பூர் என்று எப்போதும் ஒரு பேச்சு இருக்கும். 1949 ஜனவரியில் தொடங்கிய ஏற்பாடு அது. சென்னை, பம்பாய், கல்கத்தா, டெல்லி நான்கிலிருந்தும் இரவில் ஒவ்வொரு விமானம் கிளம்பும். நான்கும் நள்ளிரவுக்குப் பிறகு நாக்பூரில் கூடும். மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் ஊர் திரும்பிவிடும். அதே ஏப்ரலிலிருந்து உள்நாட்டுக் கடிதங்களுக்குக் கூடுதல் விமானக் கட்டணமும் கிடையாது. சென்னையில் சாயங்காலம் போட்ட சாதாரணக் கடிதம் மறுநாள் டெல்லியில் கிடைத்தது. இன்றைக்குக் கூரியர்காரர்கள் அதை ஏதோ புது அதிசயம்போல் விளம்பரம் செய்கிறார்கள்.

மூட்டைகளோடு பயணிகளும் போனார்கள். குறைந்த கட்டணம், தூக்கம் போகும், அவ்வளவுதான். ஆக ஒரே கூடத்துக்குள் பாதி சீட்டு, பாதி மூட்டை. எனக்கு வேண்டியது அந்தக் கூடம்.

அங்கேதான் சிக்கல். வெளித்தோற்றத்துக்குப் படம் வேண்டிய மட்டும் இருக்கிறது. ஏணிப்படியில் மாலையோடு நிற்கும் மந்திரிகள், எஞ்சினுக்கு முன்னால் கைகட்டி நிற்கும் விமானிகள். இன்றும் கண்ணால் பார்க்க வேண்டுமானால், பிஜு பட்நாயக்கின் கலிங்கா ஏர்லைன்ஸ் டகோட்டாவை 2023-இல் கல்கத்தாவிலிருந்து பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய்ப் புவனேஸ்வர் விமான நிலையத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். விமானப்படையிடம் பரசுராமா என்று பெயர் வைத்த ஒன்று பறக்கும் நிலையிலேயே இருக்கிறது. ஆனால் ராத்திரியில் மூட்டைக்கு நடுவே கால் மடக்கி உட்கார்ந்திருந்த பயணியை யார் படம் எடுத்தார்கள்? ஃபிலிம் விலைக்கு அதையெல்லாம் யாரும் எடுக்க மாட்டார்கள். அந்த உள்பக்கம், அதற்குள் இருந்தவர்களின் ஞாபகத்தில் மட்டும்தான் மிச்சம்.

எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி அப்படி ஒருவர் இருக்கிறார். 94 வயது. 1950-களின் நடுவில் டகோட்டாக்களில் ரேடியோ ஆபீசராக ஏறியவர். விமானிகள் இருவருக்கும் பின்னால் சின்ன மேசை போட்டு உட்கார்ந்து, காதில் ஹெட்ஃபோனோடு மோர்ஸ் தட்டிக்கொண்டே போகும் உத்தியோகம். தெருப் பிள்ளைகளுக்கு ரேடியோ தாத்தா. எனக்கு சார்.

அவரிடம் நான் அளவு கேட்கப் போனேன், அளவு ஒன்றும் கிடைக்கவில்லை. மேசை எவ்வளவு அகலம்? "இருந்தது, போதும்." சுவர் என்ன நிறம்? "ராத்திரியில ஏதுப்பா நிறம்?" மேசை எந்தப் பக்கம் என்று கேட்டதற்குக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தெரியவில்லை என்று கையை விரித்துவிட்டார். எனக்கு ஏமாற்றம்தான். பேச்சை மாற்றி, வானிலை மோசமானால் ஸ்டேஷனை எப்படிப் பிடிப்பீர்கள் என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு விளக்க ஆரம்பித்தார். ஒரு கை தானாக மேலே எழும்பி, இல்லாத ஒரு குமிழை மெல்லத் திருகியது. மற்றொரு கையின் விரல்கள் நாற்காலிக் கைப்பிடியில் தட்டின. "சார், அப்படியே இருங்க" என்று சொல்லி, கை எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் என்று தையல் டேப்பால் அளந்துகொண்டேன். மாடலில் ரேடியோப் பெட்டி அந்தக் கை போன இடத்தில்தான் இருக்கிறது.

இனி வேலை விஷயம். 1/72-இல் ஓர் அடி என்பது 4.2 மில்லிமீட்டர். சாதாரண சீட்டின் அகலம் 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் நிஜ விமானத்தின் தோல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அலுமினியத் தகடு. மாடலின் பிளாஸ்டிக் சுவர் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்து 72-ஆல் பெருக்கிப் பாருங்கள், ஏழு அங்குலத்துக்குக் கிட்ட வரும். அவ்வளவு இடத்தைச் சுவரே விழுங்கிவிடுகிறது. அளவு பிசகாமல் சீட்டு செய்தால் நடுவில் நடைபாதை இருக்காது. அதனால் முதல் ஒரு மாதம் நான் ஒன்றுமே கட்டவில்லை, சுரண்டினேன். வளைந்த பிளேடால் உள்சுவரை இழைத்து இழைத்து, அவ்வப்போது பின்னால் டார்ச் அடித்துப் பார்ப்பேன். வெளிச்சம் எங்கெல்லாம் ஒரே சீராகக் கசிகிறதோ அங்கெல்லாம் போதும் என்று அர்த்தம். ஜன்னலைச் சுற்றி இதை விடாமல் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் விமான ஜன்னல் கோட்டைச் சுவரில் வெட்டிய ஓட்டைபோல் இருக்கும்.

பெட்டியில் வந்த ஜன்னல் கண்ணாடியையும் தூக்கிப் போட்டேன். பூதக்கண்ணாடிபோல் தடிமன். ஸ்வீட் கடை டப்பாவின் மூடியிலிருந்து வெட்டிய தெளிவான ஷீட் அதைவிட நன்றாக இருக்கிறது. அரைக் கிலோ மைசூர்பாக்கு வாங்கினால் பதினாலு ஜன்னலுக்கும் வந்து, உடைந்தால் மாற்றவும் மிஞ்சும்.

சீட்டு ஒன்றுக்கு ஐந்து துண்டு. மெத்தைக்கு ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் அட்டை. முதுகுக்கு அதில் பாதித் தடிமன், வெந்நீரில் காட்டி பால்பாயின்ட் ரீஃபில்மேல் வளைத்தது. கால்களுக்கு மின்விசிறி காயில் கட்டும் கடையில் கேட்டு வாங்கிய கருகிய செம்புக் கம்பி, 0.3 மில்லிமீட்டர். நிஜத்தில் ஓர் அங்குலக் குழாய் என்றால் இங்கே இந்தக் கம்பி ஏறக்குறைய சரியாக வரும். சீட் பெல்ட்டும் ஜன்னல் திரையும் மாத்திரை அட்டையின் பின்பக்கத்து அலுமினியத் தாளில். மடிப்பு வைத்தால் மடிப்பு அப்படியே நிற்கும். எங்கள் வீட்டில் பிரஷர், சுகர், தைராய்டு மூன்றும் இருப்பதால் இந்தச் சரக்குக்குப் பஞ்சமே இல்லை.

ஒரு சீட்டைச் செய்து, சிலிக்கான் அச்சு எடுத்து, மீதியை ரெசினில் வார்த்துவிடலாம். விவரம் தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள், வேகமும் அதில்தான். எனக்கு அது பிடிக்கவில்லை. எல்லாம் ஒரே சாயல் ஆகிவிடுகிறது. பத்து வருஷம் ஓடிய பஸ்ஸில் ஏறிப் பாருங்கள், எந்த இரண்டு சீட்டு ஒரே மாதிரி இருக்கின்றன? ஒன்று பின்னால் சரிந்திருக்கும், ஒன்றின் மெத்தை ஒரு பக்கம் அமுங்கியிருக்கும். டி.சி.-3-க்கு ஆதியில் 21 பேர் கணக்கு, பிற்பாடு நெருக்கி 28 வரை போட்டார்கள். தபால் மூட்டைக்கு முன்பக்கத்தை விட்டுக்கொடுத்ததால் எனக்கு 12 போதும். பன்னிரண்டையும் கையாலேயே செய்தேன்.

மூட்டைதான் நான் ஆசைப்பட்டுச் செய்தது. தண்ணீர்க் குழாய் ஒழுகினால் அடைக்கும் எம்-சீல் இதற்கு வைரம். இரண்டையும் பிசைந்து, புளியங்கொட்டை அளவு உருட்டி, இறுகுவதற்கு முன்பே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட வேண்டும். அப்போதுதான் மேல் மூட்டையின் கனத்துக்குக் கீழ் மூட்டை பிதுங்கும். தனித்தனியாகக் காயவைத்து அடுக்கினால் கூழாங்கல் குவித்ததுபோல் ஆகிவிடும். கழுத்தில் சணல் கட்டின இடத்தில் ஊசி முனையால் நாலு கீறல். முடிச்சின்மேல் அரக்கு முத்திரை. நிஜத்தில் ஓர் அங்குலம், இங்கே ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு, சிவப்பு பெயின்டில் தோய்த்த ஊசியால் ஒரு தொடல். 43 மூட்டை, 43 சிவப்புப் புள்ளி. முத்திரை இல்லாத பையை வாங்கி வைக்க என் கை இன்றும் ஒப்பாது.

காக்பிட்டைப் பற்றி அதிகம் எழுதவில்லை. அதற்குப் படங்களும் உதிரிப் பாகங்களும் நிறைய இருக்கின்றன, செய்துவிட்டேன். சார் சொன்ன ஒன்று மட்டும். மழையில் முன்கண்ணாடி ஒழுகி விமானிகள் மடி நனையுமாம். டகோட்டாவில் ஏறிய எல்லா ஊர் விமானிகளும் சொல்லும் புகார்தான் அது. வலது பக்கத்து விமானி மடியில் போட்டுக்கொள்ள ஒரு துண்டை மாத்திரைத் தாளில் மடித்து வைத்திருக்கிறேன்.

டகோட்டாவுக்கே உரிய ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. அதற்கு மூக்கில் சக்கரம் கிடையாது. வாலில்தான் சின்னச் சக்கரம். தரையில் நிற்கும்போது தலையைத் தூக்கிக்கொண்டு பத்து டிகிரிக்கு மேல் சரிந்து நிற்கும். பின் கதவில் ஏறுகிறவர் தன் சீட்டுக்கு மலை ஏறுவதுபோல்தான் நடக்க வேண்டும். மாடல் செய்கிறவனுக்கு இதில் ஒரு லாபம்: மூக்குச் சக்கரம் உள்ள மாடல் வாலடித்து உட்காராமலிருக்க மூக்குக்குள் ஈயக்குண்டு திணிக்க வேண்டும், இதற்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கண்டிப்பாகத் தீர்மானிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. என் விமானம் நிற்கிறதா, பறக்கிறதா? நிற்கிறது என்றால் உள்ளே தொங்குகிற எதுவும் சுவரோடு ஒத்துத் தொங்காது. தரை, சீட்டு, ஜன்னல் சட்டம் எல்லாம் சாய்ந்திருக்க, தொங்குவது மட்டும் நிஜமான செங்குத்தாக, விமானத்தின் பார்வையில் வால் பக்கம் ஒதுங்கித் தொங்கும். என்னுடையது நாக்பூரில் நிற்கிறது. அதனால் கட்டாத திரைகளை எல்லாம், விமானத்தைச் சாய்வாக நிறுத்தி, தூக்குக்குண்டு கட்டிப் பார்த்து ஒட்டினேன்.

சாருக்கு இதைக் காட்டியபோது வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "என் தொப்பியும் அப்படித்தான் தொங்கும். டேக் ஆஃப்ல வால் எழும்பினதும் நேராகும். அதைப் பார்த்துத்தான் வால் எழும்பிடுச்சுன்னு தெரிஞ்சுக்குவேன். எனக்கு முன்னால ஜன்னல் கிடையாதே" என்றார். அன்று இரவே தொப்பி செய்தேன். மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை.

பயணிகளைப் பற்றியும் கொஞ்சம் கிடைத்தது. உள்ளே காற்றழுத்தம் கட்டுப்படுத்தாத விமானம் என்பதால் காது அடைக்கும். பஞ்சும் பெப்பர்மின்ட்டும் தட்டில் வைத்து நீட்டுவார்கள். நம் வயதுக்காரர் பலருக்கு விமானம் என்றால் முதல் ஞாபகம் அந்தத் தட்டுதான். 1947 டிசம்பர் 10-இல் ஏர் சிலோனின் சீதா தேவி டகோட்டா ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு வந்ததே, அந்த முதல் பயணத்தில் வந்தவர்களுக்கும் காது அடைத்துத்தான் இருக்கும். தட்டையும் செய்து கடைசி வரிசை சீட்டின்மேல் வைத்திருக்கிறேன். பஞ்சு நிஜப் பஞ்சுதான்.

இப்போது உள்ளே எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டு பாதி உடம்பையும் ரப்பர் பேண்டு போட்டு நிறுத்தியிருக்கிறேன், ஒட்டவில்லை. ஒட்டுவதா என்பதில்தான் வீட்டிலும் வெளியிலும் வாக்குவாதம். மாடல் செய்யும் நண்பர்கள் ஒரு பக்கச் சுவரை வெட்டி எடுத்துவிடு, உள்ளே எல்லாம் தெரியட்டும் என்கிறார்கள். இவ்வளவு பாடுபட்டதை மூடி வைக்கவா என்று என் மனைவியும் அவர்கள் பக்கம். நானும் பாதி மனசாய் அதற்குத்தான் சாய்ந்திருந்தேன்.

சாரிடம் கொண்டு போய்க் கேட்டேன். அவருக்கு ஒரு கண் குளுக்கோமாவில் போய்விட்டது. மற்றதும் மங்கி வருகிறது. பிரித்த பாதியைக் கையில் வாங்கி, பூதக்கண்ணாடியும் டார்ச்சுமாக ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். மூட்டைகளை விரல் நுனியால் எண்ணிப் பார்த்தார் என்றே நினைக்கிறேன். மேசை, ரேடியோ, தொப்பி. "சரியா இருக்கு" என்று ஒரு வார்த்தை. பிறகு, "மூடிடுப்பா" என்றார்.

வெட்டி வைத்தால் உங்களுக்கு நன்றாகத் தெரியுமே சார் என்றேன்.

"உள்ளே இருந்தது எனக்குத் தெரியுமே. எத்தனை ராத்திரி உள்ளேயே இருந்திருக்கேன். வெளியில நின்னு, உள்ளே விளக்கு எரியறப்போ அது எப்படி இருக்கும்னுதான் பார்த்ததில்ல. நாக்பூர்ல இறங்கினா டீயைக் குடிச்சிட்டு நேரா அடுத்த மெசேஜுக்கு ஓடுவேன். திரும்பிப் பார்த்ததே இல்ல."

ஆகவே வெட்டவில்லை. பின் கதவை மட்டும் திறந்து வைத்து மூடப் போகிறேன். அதற்கு முன் உள்ளே விளக்கு போட வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் 1.6 மில்லிமீட்டர் நீள எல்.இ.டி. கிடைக்கிறது. வெள்ளை வேண்டாம், பழைய குண்டு பல்பு மாதிரி மஞ்சளாக வேண்டும். கூடத்துக்கு நாலு, ரேடியோ மேசைக்குத் தனியாக ஒன்று. கம்பியை வால் சக்கரத்தின் வழியாக வெளியே எடுத்து, அடிப்பலகைக்குள் பேட்டரி வைத்துவிடலாம். சுவரை அவ்வளவு இழைத்ததால் வெளிச்சம் தோல் வழியாகவே கசியும். அதனால் உள்ளே முதலில் கறுப்பு ஒரு கோட்டும், அதன்மேல் மறுபடி வெளிர் நிறமும் அடிக்க வேண்டும். அது மூன்று நாள் வேலை. அவருக்கு அடுத்த கண் பரிசோதனை 18-ஆம் தேதி. அதற்கு முந்தின சாயங்காலம் அவர் வீட்டுக் கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டு இதை ஏற்றிக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.